மூடுபனிக்குள் திரும்பி வந்த கப்பல்

1956 ஜூலை 25, இரவு பதினொன்றே கால் மணி இருக்கும். அட்லான்டிக் கடலில், அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே இரண்டு பயணிகள் கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று இத்தாலியின் ஆந்த்ரியா டோரியா. இன்னொன்று ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம். ஆந்த்ரியா டோரியாவில் அப்போது 1,706 பேர் இருந்தார்கள். பதினோரு மணி நேரம் கழித்து அது கடலுக்கு அடியில் போய்விட்டது. அதற்குள் 1,660 பேரை உயிரோடு வெளியே கொண்டுவந்துவிட்டார்கள்.

கோடை விடுமுறையில் அண்ணன் பிள்ளைகளும் தெருப் பிள்ளைகளும் மொட்டைமாடியில் கதை கேட்க வந்து உட்காரும்போது, இந்தக் கதையில் நான் முதலில் சொல்வது இந்த இரண்டு எண்களைத்தான். யாராவது ஒரு பிள்ளை உடனே மனதுக்குள் கழித்துப் பார்த்துவிடும். "அப்ப 46 பேர்?" ஆமாம், 46 பேர் இறந்துபோனார்கள். ஸ்டாக்ஹோமில் 5 பேர். அதை மறைத்து வைத்துக் கடைசியில் சொல்வதில்லை. ஆனால் அந்த 46 பேரோடு கதையை நிறுத்திவிடுவதும் இல்லை. கப்பல் கவிழ்ந்த கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்கிற பெரியவர்கள் பெரும்பாலும் கப்பல் மூழ்குவதோடு முடித்துவிடுகிறோம். பிள்ளைகளின் கேள்வியோ அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. யார் வந்தார்கள்? எப்படித் தெரிந்து வந்தார்கள்? இருட்டில் எப்படி ஏற்றினார்கள்? இந்தக் கேள்விகளுக்கு விவரமாகப் பதில் கிடைத்தால் அவர்கள் பயந்து நடுங்குவதில்லை. இது என் அனுபவம். அதனால் இந்தக் கதையில் நான் நிறைய நேரம் செலவிடுவது மீட்க வந்தவர்களிடம்தான்.

சரி, முதலில் கப்பல். ஆந்த்ரியா டோரியா 1953 ஜனவரியில் முதல் பயணம் போனது. ஜெனோவா நகரின் பழைய கடற்படைத் தலைவர் ஒருவரின் பெயர் அது. 200 மீட்டருக்கும் மேல் நீளம். மூன்று வகுப்புப் பயணிகளுக்கும் தனித்தனியே மூன்று நீச்சல் குளங்கள். நீச்சல் குளம் என்றதும் பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள், கடலுக்கு நடுவில் எதற்குக் குளம் என்று. 1956 ஜூலை 17 அன்று ஜெனோவாவிலிருந்து கிளம்பி, 26-ஆம் தேதி காலை நியூயார்க் போய்ச் சேர வேண்டும். விபத்து நடந்தது பயணத்தின் கடைசி இரவு. பலர் மறுநாள் இறங்குவதற்காகப் பெட்டிகளைக் கட்டி அறைக்கு வெளியே வைத்துவிட்டுப் படுத்திருந்தார்கள். சிலர் நடனக்கூடத்தில் இருந்தார்கள்.

அன்று பிற்பகலிலிருந்தே மூடுபனி. கேப்டன் பியரோ கலமாய் பல்லாண்டு அனுபவம் உள்ளவர். மேல்தளத்தை விட்டு நகரவில்லை. ஊதுகுழல் விட்டுவிட்டு ஒலித்துக்கொண்டே இருந்தது. வேகத்தைக் குறைத்தார், ஆனால் கொஞ்சம்தான்: 23 நாட் வேகம் 22-க்குச் சற்றுக் கீழே வந்தது. (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்.) குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அன்றைக்கு எல்லாக் கப்பல்களுக்கும் இருந்த நெருக்கடி. எதிர்த் திசையில், அன்று பகலில் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஸ்டாக்ஹோம் வந்துகொண்டிருந்தது. அளவில் சிறியது. ஆனால் வடக்குக் கடல்களின் பனிக்கட்டியைத் தாங்கும்படி அதன் மூக்கை வலுவாகக் கட்டியிருந்தார்கள். அப்போது அதைச் செலுத்திய பொறுப்பு அதிகாரி கார்ஸ்டென்ஸ்-யோஹான்சென். வயது 26. ஸ்டாக்ஹோம் பக்கத்தில் மூடுபனி இன்னும் கவியவில்லை. தான் பனித்திரையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது.

இரண்டிலும் ரேடார் இருந்தது. இரண்டு பேரும் அடுத்தவரை ரேடாரில் பார்த்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் புரியாத இடம் இதுதான். "பாத்துட்டாங்கன்னா அப்புறம் ஏன் அத்தை மோதுச்சு?"

சந்தில் எதிரே ஒருவர் வருகிறார். அவருக்கு வழிவிட நாம் ஒரு பக்கம் ஒதுங்குகிறோம்; அவரும் அதே பக்கம் ஒதுங்குகிறார். இதைச் செய்துகாட்டச் சொன்னால் பிள்ளைகள் முட்டிக்கொண்டு விழுந்து சிரிப்பார்கள். நடந்தது அதுதான். எதிரே வருவது தனக்கு வலப்பக்கமாகக் கடந்து போய்விடும் என்று கலமாய் நினைத்தார். இடைவெளியைக் கூட்ட இடப்பக்கம் திரும்பினார். இடப்பக்கமாகக் கடந்துபோகும் என்று ஸ்வீடன் அதிகாரி நினைத்தார். இடைவெளியைக் கூட்ட வலப்பக்கம் திரும்பினார். இரண்டும் ஒரே இடத்தை நோக்கிய திருப்பம். ரேடாரின் தூர அளவை ஸ்வீடன் அதிகாரி தவறாகப் படித்திருக்கலாம் என்பது பின்னால் ஆராய்ந்த பலரின் கருத்து. ஆந்த்ரியா டோரியாவிலோ, ரேடாரில் தெரிந்த புள்ளி நகர்வதைத் தாளில் குறித்துப் பார்க்கவே இல்லை. இரண்டு கப்பல்களும் ஒன்றோடொன்று வானொலியில் பேசவும் இல்லை. கண்ணுக்கு விளக்குகள் தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது.

ஸ்டாக்ஹோமின் வலுவான மூக்கு ஆந்த்ரியா டோரியாவின் வலது விலாவைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது. அப்புறம் பின்வாங்கிக்கொண்டு வெளியே வந்தது. கிழிந்த வழியாகக் கடல் புகுந்தது.

இங்கே ஒரு சோதனை செய்துகாட்டுவேன். ஒரு பெரிய ஐஸ்கிரீம் டப்பா. நடுவில் நீளவாக்கில் ஓர் அட்டைத் தடுப்பு, ஓரமெல்லாம் மெழுகு ஊற்றி அடைத்தது. பக்கெட் தண்ணீரில் மிதக்கவிட்டு, ஒரு பக்கம் மட்டும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றச் சொல்வேன். டப்பா நேராக அமிழாது. அந்தப் பக்கமாகச் சாயும். மறுபக்கம் காலியாக இருப்பதால் மேலே தூக்கிக்கொள்ளும். ஆந்த்ரியா டோரியாவில் பயணம் முடியும் நேரம் என்பதால் எண்ணெய்த் தொட்டிகள் பெரும்பாலும் காலி. எண்ணெய் தீரத் தீர அவற்றில் கடல்நீரை நிரப்பி எடையைச் சமன்செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. வலப்பக்கம் கிழிந்த தொட்டிகளில் சுமார் 500 டன் தண்ணீர் ஏறியது. இடப்பக்கத் தொட்டிகளில் வெறும் காற்று. சில நிமிடங்களில் கப்பல் 18 பாகைக்கு மேல் சாய்ந்துவிட்டது. கட்டியவர்கள் அந்த அளவு சாய்வை எதிர்பார்க்கவில்லை.

சாய்ந்ததால் என்ன ஆயிற்று என்பதைத்தான் பிள்ளைகள் கவனித்துக் கேட்க வேண்டும், ஏனென்றால் மீட்புக் கதை முழுவதும் அதில்தான் நிற்கிறது. உயிர்காப்புப் படகுகள் இரு பக்கமும் எட்டெட்டாகப் பதினாறு. எல்லோருக்கும் இடம் உண்டு. ஆனால் உயர்ந்துவிட்ட இடப்பக்கத்தில், படகை இறக்கினால் அது கப்பலின் சரிவிலேயே உட்கார்ந்துகொள்ளும், தண்ணீருக்குப் போகாது. அந்த எட்டும் பயனில்லை. தாழ்ந்த வலப்பக்கத்துப் படகுகளோ தளத்தை விட்டு வெகுதூரம் வெளியே தொங்கின. கால் வைத்து ஏற முடியாது. வெறும் படகாகத் தண்ணீரில் இறக்கிவிட்டு, ஆட்கள் கயிற்றிலும் வலையிலும் தொங்கி இறங்கித்தான் ஏற வேண்டும். கையில் குழந்தையை வைத்துக்கொண்டு கயிற்றில் எப்படி இறங்குவது? சாய்ந்த தளம் எண்ணெயும் தண்ணீருமாக வழுக்கியது. உட்கார்ந்தபடி சறுக்கிச் சறுக்கித் தாழ்ந்த பக்கத்துக்குப் போனார்கள். சிலர் கைகோர்த்துச் சங்கிலி போல நின்று மற்றவர்களைக் கடத்திவிட்டார்கள். சிறு பிள்ளைகளை இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார்கள். கீழே படகில் இருந்தவர்கள் போர்வையை நான்கு பக்கமும் விரித்துப் பிடிக்க, மேலிருந்து பிள்ளைகளைப் போட்டவர்களும் உண்டு. அப்படிப் போட்டதில் ஒரு சின்னப் பெண் தலையில் அடிபட்டு, பிற்பாடு மருத்துவமனையில் இறந்துபோனாள். இதைப் பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் நான் சொல்வதில்லை. பெரிய பிள்ளைகளிடம் சொல்கிறேன். பிள்ளை பிழைக்க வேண்டும் என்பதற்காகவே அந்தத் தகப்பன் அப்படிச் செய்தார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதலில் கிளம்பிய சில படகுகளில் பயணிகளைவிடக் கப்பல் பணியாளர்களே அதிகம். இதையும் சொல்லிவிட வேண்டும். பெரியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பது பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். நாம் பூசி மெழுகினால் நம்மைத்தான் நம்ப மாட்டார்கள். அதே கப்பலில் விடியும்வரை இருந்து ஆட்களை இறக்கிவிட்ட பணியாளர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவரிடம் அப்புறம் வருகிறேன்.

கலமாய் வானொலியில் உதவி கேட்டார். உடனே உதவி வேண்டும், படகுகள் வேண்டும், எவ்வளவு முடியுமோ அவ்வளவு படகுகள், எங்கள் படகுகளைப் பயன்படுத்த முடியவில்லை என்பதுதான் செய்தியின் சாரம். முதலில் வந்தது கேப் ஆன் என்ற சரக்குக் கப்பல். அடுத்தது அமெரிக்கக் கடற்படைப் போக்குவரத்துக் கப்பல் பிரைவேட் வில்லியம் எச். தாமஸ். இரண்டும் தயங்காமல் வந்தன. ஆனால் ஆளுக்கு இரண்டே படகுகள். மேலே ஆயிரத்துக்கும் அதிகமானோர்.

பெரிய கப்பல் ஒன்று பக்கத்தில் இருந்தது. பிரான்சின் ஈல் து ஃபிரான்ஸ். அதுவும் அன்றுதான் நியூயார்க்கிலிருந்து கிளம்பி ஐரோப்பா நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஆந்த்ரியா டோரியாவைத் தாண்டி 44 கடல் மைல் கிழக்கே போயிருந்தது. கேப்டன் ரவுல் து போதேயான்.

இவர் அந்த நேரத்தில் என்ன யோசித்திருப்பார் என்று பிள்ளைகளைக் கேட்பேன். கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இவருடைய கப்பலில் 940 பயணிகள் இருக்கிறார்கள். அவர்கள் ஐரோப்பா போகப் பணம் கட்டியவர்கள். திரும்பினால் எரிபொருள் செலவு, நாள் தாமதம். வெளியே அதே மூடுபனி. அந்தப் பனிக்குள் முழு வேகத்தில் போவது என்பது சற்று முன்பு இரண்டு கப்பல்கள் செய்ததையே தானும் செய்வது. ஆந்த்ரியா டோரியா மாதிரி ஒரு நவீனக் கப்பல் சீக்கிரம் மூழ்கிவிடும் என்று அன்று யாரும் எளிதில் நம்ப மாட்டார்கள். வேறு கப்பல்கள் அருகில் இருக்கின்றனவே, நான் அவசியமா? இந்தக் கேள்வி அவருக்கும் வந்தது. வானொலியில் கேட்டு விசாரித்தார். படகுதான் இல்லை என்று திட்டவட்டமாகத் தெரிந்ததும் கப்பலைத் திருப்பினார்.

பிள்ளைகள் சிலர் "உடனே போயிருக்கணும்" என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தன் கப்பலில் இருக்கும் ஆட்களுக்கும் அவர்தான் பொறுப்பு. விசாரித்துத் தெரிந்துகொண்டு, தெரிந்ததும் ஒரு நிமிடமும் வீணாக்காமல் கிளம்பினாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வரும் வழியிலேயே எல்லா ஏற்பாடும் நடந்தது. படகோட்டுபவர்களை எழுப்பிப் படகுகளைத் தயார் செய்தார்கள். மருத்துவர் தயார். சமையலறையில் காப்பியும் சூடான உணவும். போர்வைகள். 22 நாட் வேகத்தில், ஒன்றும் தெரியாத இருட்டில், ரேடாரை வைத்த கண் எடுக்காமல் வந்தார்கள். ஒரே கருவி, ஒரே மூடுபனி. இரண்டு கப்பல்களை மோதவிட்டதும் ரேடார்தான், பார்க்கத் தெரிந்தவர் கையில் இந்தக் கப்பலைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்ததும் ரேடார்தான்.

இரவு 2 மணி அளவில் வந்து சேர்ந்தபோது மூடுபனி விலகத் தொடங்கியது. து போதேயான் தன் கப்பலின் எல்லா விளக்குகளையும் போடச் சொன்னார். மேலே புகைபோக்கிகளுக்கு நடுவே கப்பலின் பெயர் பெரிய விளக்கெழுத்தில் எரிந்தது. சாய்ந்த தளத்தில், கயிற்றைப் பிடித்தபடி மூன்று மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். எதிரே ஒரு கப்பல், இவ்வளவு கிட்டே, பெயரைப் படிக்க முடிகிற அளவுக்கு. பிழைத்தவர்கள் பலர் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னது அந்த வெளிச்சத்தைப் பற்றித்தான். விளக்கைப் போடச் சொன்னது ஒரு சின்னக் கட்டளை. ஆனால் படகோட்டுபவர்களுக்குக் கடல் தெரிந்தது. பயணிகளுக்கு எங்கே போகிறோம் என்பது தெரிந்தது. அந்த ஒரு கட்டளைக்காகவே எனக்கு இந்த மனிதர்மேல் அப்படி ஒரு மரியாதை.

ஈல் து ஃபிரான்ஸ் சில நூறு மீட்டர் தள்ளி நின்று 11 படகுகளை இறக்கியது. போவதும் நிரம்பி வருவதும், மறுபடி போவதும். விடிவதற்குள் 753 பேரை ஏற்றியது. அதன் பயணிகள் தங்கள் அறைகளையும் துணிமணிகளையும் வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள்.

இப்போது மோதிய கப்பல். "ஸ்டாக்ஹோம்காரங்க ஓடிட்டாங்களா?" என்று கட்டாயம் ஒரு குரல் வரும். ஓடவில்லை. அதன் மூக்கு நசுங்கிச் சப்பையாகிவிட்டது. முன்பக்கத்தில் தண்ணீர் ஏறியது. 5 பணியாளர்கள் உயிர்போகும் அளவுக்கு அடிபட்டார்கள். கேப்டன் குன்னர் நோர்டன்சன் முதலில் தன் கப்பல் மிதக்குமா என்று சோதித்தார். மிதக்கும் என்று தெரிந்ததும் தன் படகுகளை அனுப்பினார். அதில் ஏறியவர்கள் 540 பேருக்கும் மேல். மோதியவரே காப்பாற்றவும் வந்தார் என்பது பிள்ளைகளுக்குக் கொஞ்சம் உறுத்தும். இந்தக் கதையில் வில்லன் யார் என்று தேடிக்கொண்டே இருப்பார்கள். இல்லை கண்ணு, இதில் வில்லன் இல்லை. தவறு செய்தவர்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். அமெரிக்கச் சரக்குக் கப்பல்களும் கடற்படைக் கப்பல்களும் மீதிப் பேரை ஏற்றின.

ஸ்டாக்ஹோமில் அன்றிரவு யாருக்கும் புரியாத ஒன்று நடந்தது. நொறுங்கிய முன்தளத்தில், இரும்புத் தகடுகளின் இடிபாட்டுக்கு நடுவே, ஒரு பெண்பிள்ளையின் குரல் கேட்டது. போய்ப் பார்த்தவர் பெர்னபே பொலான்கோ கார்சியா என்ற பணியாளர். ஸ்பெயின்காரர். இரவு உடையில் ஒரு பதினாலு வயதுப் பெண் கிடக்கிறாள். ஸ்பானிய மொழியில் அம்மா எங்கே என்று கேட்கிறாள். ஸ்வீடன் கப்பலில், அவள் பேசிய மொழி புரிகிற ஆள் அவர். கை உடைந்திருந்தது. தூக்கிக்கொண்டு மருத்துவ அறைக்குப் போனார். பெயர் லிண்டா மோர்கன் என்றாள். ஸ்டாக்ஹோமின் பயணிகள் பட்டியலைப் புரட்டினார்கள். அப்படி ஒரு பெயரே இல்லை.

ஏனென்றால் அவள் ஆந்த்ரியா டோரியாவின் பயணி. வலப்பக்கம், 52-ஆம் எண் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஸ்டாக்ஹோமின் மூக்கு அந்த அறைக்குள்ளேயே புகுந்து, அவளை அடியிலிருந்து அள்ளிக்கொண்டு பின்வாங்கிவிட்டது. ஒரு கப்பலில் படுத்தவள் இன்னொரு கப்பலில் கண் விழித்தாள். நான் கதைகட்டுகிறேன் என்றே பிள்ளைகள் முதலில் நினைப்பார்கள். அதே அறையில் படுத்திருந்த அவளுடைய எட்டு வயதுத் தங்கை பிழைக்கவில்லை. அடுத்த அறையில் இருந்த மாற்றாந்தந்தை கமில் சியான்ஃபாராவும் பிழைக்கவில்லை. அவர் மாட்ரிட்டில் இருந்து எழுதிய அமெரிக்கப் பத்திரிகையாளர். லிண்டாவுக்கு ஸ்பானியம் தெரிந்தது அங்கே வாழ்ந்ததால்தான்.

அம்மா எங்கே என்றுதானே கேட்டாள்? அம்மா ஜேன் சியான்ஃபாரா, ஆந்த்ரியா டோரியாவில் 56-ஆம் எண் அறையின் இடிபாட்டுக்குள் உயிரோடு சிக்கியிருந்தார். மோதிய வேகத்தில் அவர் அறையிலிருந்து பக்கத்து அறைக்கு வீசப்பட்டிருந்தார். அது பீட்டர்சன் தம்பதியின் அறை. மனைவி மார்த்தாவும் அங்கேயே சிக்கியிருந்தார். கணவர் தூரே பீட்டர்சன் மட்டும் வெளியே வந்துவிட்டவர். உதவிக்கு ஆள் தேடியபோது வந்தவர்தான் ஜியோவானி ரொவெல்லி. கப்பலின் உணவுப் பரிமாறுபவர். முன்பு சொன்னேனே, அப்புறம் வருகிறேன் என்று, அது இவர்தான்.

மற்றவர்கள் எல்லோரும் மேலே போய்க்கொண்டிருக்க, இவர்கள் இருவரும் மணிக்கணக்காகக் கீழே அந்த அறையில் இருந்தார்கள். தளம் சாய்ந்துகொண்டே போகிறது. கையில் கிடைத்ததையெல்லாம் வைத்து நெம்பிப் பார்த்தார்கள். அசையவில்லை. ஒரு ஜாக்கி கிடைத்தால் தூக்கிவிடலாம் என்று மேலே போய்க் கேட்டார்கள். கடைசியில் மீட்பு வந்த கப்பல் பக்கத்திலிருந்து ஒரு ஜாக்கி வந்து சேர்ந்தது. லாரிக்குச் சக்கரம் மாற்ற வைத்துத் தூக்குவார்களே, அந்த மாதிரி. அதைச் சாய்ந்த தளத்தில் இழுத்துக்கொண்டு அறைவரை கொண்டுபோவதே பெரும் பாடு. ஜேனை விடுவித்துவிட்டார்கள். ரொவெல்லி அவரைச் சுமந்துகொண்டு போனார். மார்த்தாவை மீட்பதற்குள் அவர் இறந்துவிட்டார்.

உணவு பரிமாறும் வேலைக்கு வந்தவருக்கு அந்த அறையில் இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. எந்த அதிகாரியும் அவரிடம் இங்கேயே இரு என்று சொல்லவில்லை. இந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் விட்டுவிடுவேன். பிள்ளைகளே ஏதாவது சொல்வார்கள்.

விடியற்காலைக்குள் பெரும்பாலும் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கேப்டன் கலமாய் மட்டும் கப்பலிலேயே இருந்துவிடுவதாகச் சொன்னார். நீங்கள் வராவிட்டால் நாங்களும் திரும்ப ஏறிவருவோம் என்று அவருடைய அதிகாரிகள் பிடிவாதமாக நின்றார்கள். சுமார் ஐந்தரை மணிக்கு அவர் இறங்கினார். அதன் பிறகு அவர் எந்தக் கப்பலுக்கும் கேப்டனாகப் போகவில்லை. 1972-இல் ஜெனோவாவில் இறந்தார்.

எல்லோரும் இறங்கிவிட்டதாக நினைத்தார்கள். இல்லை. காயம்பட்டதால் மருந்து சாப்பிட்டு மருத்துவ அறையில் தூங்கிக்கொண்டிருந்த ராபர்ட் ஹட்சன் என்ற அமெரிக்க மாலுமி அதிகாலையில்தான் விழித்தார். சுற்றிலும் ஒரு குரல் இல்லை. தளம் சுவராகிவிட்டிருந்தது. தவழ்ந்து பின்பக்கம் வந்து, தொங்கிய வலையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். ராபர்ட் ஈ. ஹாப்கின்ஸ் என்ற எண்ணெய்க் கப்பலின் படகு அவரை வந்து ஏற்றியது. அந்தக் கப்பல் ஏற்றியது அவர் ஒருவரை மட்டும்தான். பிள்ளைகளுக்குக் கோபம் வருகிற இடம் இது. "எண்ணிப் பாக்கலையா?" சுற்றுலா பேருந்தில் டீச்சர் மூன்று தடவை எண்ணுகிறாரே! கோபம் நியாயம்தான். அந்தக் களேபரத்தில் எண்ணவில்லை.

காலை 10.09-க்கு ஆந்த்ரியா டோரியா மூழ்கியது. அதற்கு முன்பே ஈல் து ஃபிரான்ஸ் நியூயார்க் நோக்கித் திரும்பிவிட்டது. புறப்படும்போது கொடியை இறக்கி ஏற்றி, ஊதுகுழல் ஒலித்து மரியாதை செய்தது. பிழைத்தவர்களை இறக்கிவிட்டுத் தன் பயணிகளோடு மறுபடி ஐரோப்பாவுக்குக் கிளம்பியது. வழக்கு நீதிமன்றத்தில் தீர்ப்புவரை போகவில்லை; இரு நிறுவனங்களும் பேசித் தீர்த்துக்கொண்டன. ஆனால் ரேடார் இருந்தால் போதாது, அதைப் படிக்கப் பயிற்சி வேண்டும் என்று அதன் பிறகு கப்பல் அதிகாரிகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். 1960-இல் திருத்தி எழுதிய உலகக் கடல் விதிகளில் ரேடாரைப் பயன்படுத்துவது பற்றித் தனிக் குறிப்பே சேர்ந்தது.

லிண்டாவின் சொந்தத் தந்தை எட்வர்ட் மோர்கன். நியூயார்க்கில் ஏபிசி வானொலியின் செய்தியாளர். ஜூலை 26 மாலை அவருடைய நிகழ்ச்சி. அன்றைய தலைப்புச் செய்தி இந்த விபத்து. 52-ஆம் எண் அறை இருந்த இடமே இல்லை என்பதால் மகள் இறந்துவிட்டாள் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவர் விபத்துச் செய்தியை முழுவதுமாகச் சொன்னார். தன் மகள் அதில் இருந்தாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. பிறகுதான் ஸ்டாக்ஹோமிலிருந்து தகவல் வந்தது. மகளை மருத்துவமனையில் பார்த்தார். அடுத்த இரவு ஒலிபரப்பில், செய்தியை வெளியே நின்று சொல்வதற்கும் அந்தச் செய்திக்குள்ளேயே சிக்கிக்கொள்வதற்கும் உள்ள தூரத்தைப் பற்றிப் பேசினார். ஜேனும் பிழைத்துக்கொண்டார்.

என் அண்ணன் மகனுக்குப் பதிமூன்று வயது. அந்த அப்பா அன்றைக்கு வேலைக்கே போயிருக்கக் கூடாது என்கிறான். அவன் தங்கை ஒத்துக்கொள்ளவில்லை. வானொலி நிலையத்தில்தானே பெயர்ப் பட்டியல் முதலில் வரும், அவர் அங்கேதான் இருந்திருக்கணும் என்கிறாள். இருவரும் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை. நானும் நடுவில் போகவில்லை.